இரண்டு டோக்கன், ஒரே காது

ஜூன் 3

அக்காவுக்கு,

பஸ் ஏறும்போதே சொல்லியிருக்க வேண்டும். பாப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அதனால் வாயை மூடிக்கொண்டேன். வழியெல்லாம் இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் உனக்குக் கோபம் வரத்தான் போகிறது. வரட்டும். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

உனக்குக் காது கேட்கவில்லை, அக்கா.

ஒரு வாரம் உன் வீட்டில் இருந்து பார்த்தேன். பாப்பாவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் முதலில் உன் கையைப் பிடித்து இழுக்கிறாள். நீ திரும்பி அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறாள். ஏழு வயதுக் குழந்தைக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? செவ்வாய்க்கிழமை குளியலறைத் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று கத்தினாளே, அப்போது நீ மூன்றடி தள்ளி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாய். மொட்டைமாடியில் இருந்த எனக்குக் கேட்டது. நான் விழுந்தடித்து ஓடி வந்தால், "என்னடி, பேய் துரத்துதா?" என்று நீ சிரிக்கிறாய். நான்தான் கதவைத் தள்ளித் திறந்து அவளை வெளியே விட்டேன்.

போனில் சிக்னல் சரியில்லை, கடிதம் போடு என்று ஒரு வருடமாகச் சொல்கிறாய். நானும் நம்பினேன். இப்போதுதான் கண்ணால் பார்த்தேன். மாமா லாரியிலிருந்து பேசும்போது நீ ஸ்பீக்கரில் போடுகிறாய். பாப்பா உன் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு பேச்சையும் வாயசைத்துத் திருப்பிச் சொல்கிறாள்.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பாய். அதுதான் என்னை அரிக்கிறது. போன வருடம் ஆலைக்குக் காது பரிசோதனை வண்டி வந்ததே. உனக்கு நாற்பத்தொன்றாம் டோக்கன், எனக்கு நாற்பத்திரண்டு. தொப்பியும் முகமூடியும் போட்டுவிட்டால் பாட்டில் ஆலையில் எல்லோரும் ஒரே அச்சு. வந்த ஆள் டோக்கனைத்தான் பார்த்தான், மூஞ்சியைப் பார்க்கவில்லை. தேற மாட்டேனோ என்று நீ பயந்தாய், அதனால் உன் டோக்கனோடு நான் உள்ளே போனேன். வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு என் டோக்கனோடு மறுபடியும் போனேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தத் தாளை வைத்துத்தானே உன்னை லைன் லீடர் ஆக்கி, மூடி போடும் மெஷின் பக்கத்தில் நிறுத்தினார்கள்? ஆலையிலேயே அதிகச் சத்தம் அங்கேதான். தயவுசெய்து ஆலை நர்ஸம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு.

உன் தங்கை


ஜூன் 9

மகாராணிக்கு,

கடிதம் வந்து சேர்ந்தது. இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவள் ஊர் முழுக்க ஒரு டமாரமும் அடித்துவிடலாமே. ஒரு வாரம் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, போகிறபோது எனக்குச் செவிடு என்று பட்டம் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.

குழந்தை கத்தியபோது நான் வேறு நினைப்பில் இருந்தேன். அவ்வளவுதான். எட்டு மணி நேரம் அந்த லைனில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் அரை மணி நேரமாவது ஒன்றும் காதில் விழாமல் இருந்தால் அது வரம்.

நீ அங்கே மூன்று வருடம் வேலை பார்த்தவள். உனக்குத் தெரியாததா? பரிசோதனையில் தேறாதவர்களை எங்கே அனுப்புகிறார்கள்? அட்டைப்பெட்டி மடிக்கிற அறைக்கு. அதற்கு நம் ஆட்கள் வைத்திருக்கிற பெயர் என்ன? செவிட்டு ரூம். சாப்பாட்டு இடைவேளையில் அந்த அறை ஆட்கள் தனி மேசையில் உட்காருவார்கள். மற்றவர்கள் அவர்களிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிவிட்டுத் திரும்பிச் சிரிப்பார்கள். நீயும் சிரித்திருக்கிறாய், நானும் சிரித்திருக்கிறேன். பதினாறு வருடம் லைனில் நின்ற நான் அந்த மேசையில் போய் உட்கார வேண்டுமா?

சத்தத்துக்கு நான் காதில் பஞ்சு வைக்காமல் இல்லை. ஆலையில் கொடுக்கிற மஞ்சள் பஞ்சை வலது காதில் வைக்கிறேன். இடது காதில் வைக்க முடியாது, ஏனென்றால் அது மெஷின் பக்கம் இருக்கிற காது. கீறல் விழுந்த பாட்டில் பெல்ட்டில் வரும்போது அதன் கிணுக்கம் மற்றதோடு சேராது. அதைக் கேட்டு எடுப்பதுதான் லீடரின் வேலை. விட்டால் மூடி அழுத்தும்போது வெடித்துவிடும். எனக்கு முன்னால் இருந்த லீடரும் அப்படித்தான் செய்தாள், அவளுக்கு முன்னால் இருந்தவளும் அப்படித்தான். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு லைனைப் பார்ப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குவது மாதிரி.

இரைச்சல் ஒன்று காதுக்குள் இருக்கிறதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு வண்டு உள்ளே உட்கார்ந்துகொண்டு ஓயாமல் ரீங்காரம் போடுகிறது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்துக்கொள்ளும். இப்போது அதற்கும் லீவில்லை.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி மறுபடியும் பரிசோதனை. இந்த வருடம் வண்டி இல்லை, ஆலைக்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டி அறை கட்டியிருக்கிறார்கள். புது நர்ஸம்மா பார்க்கிறாள். அவளுக்கு யார் முகமும் இன்னும் பழகவில்லை. நீ ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து போ. கேட்டுக்கு வெளியே என் தொப்பியையும் முகமூடியையும் தந்துவிடுகிறேன். கால் மணி நேர வேலை.

பாப்பா உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

அக்கா


ஜூன் 15

அக்கா,

வர மாட்டேன்.

எழுதிவிட்டு ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டு நான் மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

இந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற பிரிவு இருக்கிறது. "என் சிநேகிதிக்கு" என்று சொல்லிப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த அம்மா, "சிநேகிதிக்கா, சரி, உக்காருங்க" என்று சிரித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், டோக்கன் விஷயம் தவிர. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

காதுக்குள்ளே மயிரிழை மாதிரி மிக மெல்லிய உயிரணுக்கள் இருக்கின்றனவாம். சத்தம் உள்ளே வந்தால் அவை அசையும், அதனால்தான் நமக்குக் கேட்கிறது. பெரிய சத்தம் தினமும் அடித்துக்கொண்டே இருந்தால் அவை சாய்ந்து செத்துவிடும். "செத்தது திரும்ப முளைக்காதும்மா. மருந்தும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. இருக்கிறதைக் காப்பாத்திக்கிறது ஒண்ணுதான் வழி," என்றார். வண்டு ரீங்காரத்தைச் சொன்னேன். அது காது நம்மைப் பார்த்து அலறுவது என்றார்.

ஒரு காதில் மட்டும் பஞ்சு வைப்பதைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும் என்றால், அந்த இடத்தில் பஞ்சில்லாமல் நிற்கவே கூடாதாம். நம் லைனில் கத்தினால்கூடக் கேட்காது, அக்கா. நாம் கை ஜாடையிலேயே சண்டையும் போட்டு சமாதானமும் ஆனவர்கள்.

இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்டுத்தான் நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதேன். முதலில் போவது மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தானாம். தடித்த குரல் கடைசி வரை கேட்குமாம். அதனால்தான் சூப்பர்வைசர் திட்டுவது உனக்கு நன்றாகக் கேட்கிறது, பாப்பா கூப்பிடுவது கேட்கவில்லை. உன் காதிலிருந்து முதலில் போய்க்கொண்டிருப்பது அவள் குரல்.

ஜூலை முதல் தேதி வரை பார்ப்பேன். நீயே சொல்லாவிட்டால் நான் நர்ஸம்மாவுக்குக் கடிதம் எழுதுவேன்.

தங்கை


ஜூன் 21

எழுது.

எழுதித் தபாலில் போட்ட அன்றோடு எனக்குத் தங்கை இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். உன்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவள் நான். ஆலையில் உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். என் வேலைக்கு உலை வைக்கிறவள் நீயா?

குழந்தையை நடுவில் இழுக்காதே. அவள் இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக் கதை எதுவும் என்னிடம் சொல்வதில்லை. வளர்கிறாள், அதனால்தான். வேறு காரணம் இல்லை.


ஜூலை 2

அக்கா,

உனக்குத் தங்கை இன்னும் இருக்கிறாள். கடிதத்தை நான் போடவில்லை.

எழுதினேன். உறையில் போட்டு ஒட்டி, மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தபால் பெட்டியைத் தினமும் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். ஒவ்வொரு நாளும் "சாயங்காலம் போடலாம்" என்று தள்ளிப்போட்டு, கடைசியில் கிழித்துவிட்டேன். உன் காது போனாலும் பரவாயில்லை, நீ என்னோடு பேசாமல் இருக்கக் கூடாது என்று நினைத்தேன் போலிருக்கிறது. என்ன மாதிரி பிறவி நான்! என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இதை மதியச் சாப்பாட்டு வேளையில், பட்டறையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் மரப்பட்டறையில் பலகை இழைக்கிற மெஷின் என் மேசைக்குப் பின்னால்தான். நான் அளவு குறிக்கிறவள்தானே, எனக்குக் காதுமூடி எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கவலைப்படுவதும் இல்லை. ஒரே நாளில் இரண்டு தடவை தேறிய காதாயிற்றே! உனக்குத்தான் பயப்படுகிறேன். இந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று தெரியவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது.

தங்கை


ஜூலை 19

வாலு,

உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை.

வியாழக்கிழமை கீறல் பாட்டில் ஒன்று வந்தது. நான் என் இடத்தில்தான் நின்றேன், கவனமாகத்தான் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எதுவும் கேட்கவில்லை. எதிரில் அடுக்கிக்கொண்டிருந்த நெட்டச்சி கையை ஆட்டினாளாம், வாய்விட்டுக் கத்தினாளாம். நான் மெஷினின் அழுத்தம் காட்டுகிற கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டில் மூடிக்கடியில் போய் வெடித்தது. ஒரு சில்லு நெட்டச்சியின் நெற்றியைக் கிழித்துவிட்டது. கண்ணுக்கு ஒரு விரல்கடை மேலே. நாலு தையல்.

சூப்பர்வைசர் வந்து கேட்டபோது அவள் துணியை நெற்றியில் அழுத்திக்கொண்டே, "அக்கா மேல தப்பில்ல சார். சத்தமே வரல. சில பாட்டில் அப்படித்தான்," என்றாள். எனக்காகப் பொய் சொன்னாள். லைனில் இருந்த ஆறு பேரும் வெடிப்பதற்கு முன்னாலேயே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பஞ்சு வைத்திருந்த ஆறு பேருக்கும் கேட்டிருக்கிறது. அப்படியென்றால் நான் இத்தனை நாள் திறந்து வைத்திருந்த காது எதற்கு?

சாயங்காலம் அவளைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். கட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் வாசற்படி ஏறியதும் பாயிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். எனக்குக் கூசிவிட்டது. "என்னைத் திட்டுடி," என்றேன். அவள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மண்டையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதிவிட்டால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. பாப்பா பேசும்போது அவள் வாயை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவள் வளர வளர, திரும்பி நின்றுகொண்டு பேசுகிற வயதும் வரும். அப்போது என்ன செய்வேன்?

ஐந்தாம் தேதி நீ வர வேண்டாம். நானே போகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 6

வாலு,

இதை இரண்டு தடவை படி. முதல் பாதி என்னைப் பற்றியது, மற்றது உன்னைப் பற்றியது. அவசரப்பட்டு நடுவில் நிறுத்திவிடாதே.

பெட்டி அறையில் என்னை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் நர்ஸம்மா. சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வலது காதில் சத்தங்கள் வந்தன. நிறைய தடவை அமுக்கினேன், கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு இடது காது. "கூம்" என்று இரண்டு மூன்று வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. மெஷின் நின்றுபோயிற்று என்று நினைத்தேன். நர்ஸம்மா டீ குடிக்கப் போய்விட்டாளோ என்றுகூட நினைத்துக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அவள் அங்கேதான் இருந்தாள். அவள் விரல் விடாமல் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு சத்தம் என் காதுக்கு வந்துகொண்டிருக்கிறது. எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்த நிமிஷமே புத்தி வேறு பக்கம் போனது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அவள் விரலைப் பார்த்தே நானும் அமுக்கியிருக்கலாம். மூடி மெஷினின் வேகத்துக்குப் பழகின கண் எனக்கு, ஒன்றுகூடத் தப்பாது. பொத்தான் மேல் கட்டைவிரல் தயாராக இருந்தது. நெட்டச்சியின் தையல் ஞாபகத்துக்கு வந்தது. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் கதவைத் திறந்து தோளைத் தொடும் வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டோக்கன் மாற்றியதையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. எதிரில் உட்கார்ந்து, முகத்தை எனக்கு நேராக வைத்துக்கொண்டு, நிதானமாகப் பேசினாள். இடது காதில் போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றலாம், வலதில் நிறையவே மிச்சம் இருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து எனக்கு அட்டை அறை. இன்று சாப்பாட்டு வேளையிலேயே அந்த மேசையில் போய் உட்கார்ந்தேன். நகர்ந்து இடம் விட்டார்கள். லீடர் காதைத் திறந்து வைப்பது இனிமேல் கூடாது, மூடி மெஷினைச் சுற்றிச் சத்தம் தடுக்கிற கூண்டு அடைக்கும் வரை ஒருவரும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதன் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று அவள் மேலே எழுதியிருக்கிறாள். நான் வெளியே வந்த பிறகு இன்னும் ஐந்து பேர் போய் மறுபரிசோதனை கேட்டார்களாம். நாம் மட்டும்தான் கெட்டிக்காரிகள் என்று நினைத்தோமே!

இப்போது உன் பாதி.

போன வருடத்துத் தாள்களை எடுத்துவரச் செய்தாள். நாற்பத்தொன்றையும் நாற்பத்திரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இதுல உங்களோடது எது?" என்றாள். "ரெண்டும் என் தங்கச்சியோடது," என்றேன். அவள் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டிலும் காது கேட்கிற அளவைக் காட்டுகிற ஒரு கோடு நேராக ஓடுகிறது. ஓடி, ஒரு இடத்தில் சட்டென்று பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறுகிறது. இரண்டு தாளிலும் அதே இடத்தில். ஒரு தாளில் இருந்தால் மெஷின் தவறு என்று விடலாம். இரண்டு தடவை உட்கார்ந்து இரண்டு தடவையும் அதே பள்ளம் என்றால் அது காதில் இருக்கிற பள்ளம் என்கிறாள். சத்தத்தால் கெடுகிற காது அங்கேதான் முதலில் கெட ஆரம்பிக்குமாம். கெடுகிறவருக்கே தெரியாதாம். வண்டியில் வந்தவன் மொத்தக் கணக்கைப் பார்த்து, தேறியது என்று முத்திரை குத்திவிட்டுப் போய்விட்டான்.

"உங்க தங்கச்சி இப்ப எங்க வேலை பாக்கறாங்க?" என்று கேட்டாள். இழைப்பு மெஷினுக்குப் பக்கத்தில் வெறும் காதோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று என் வாயால் சொல்ல வேண்டி வந்தது.

நீ எனக்காகப் பயந்துகொண்டே உன் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். நாளைக்கே இரண்டு காதுக்கும் பஞ்சு கேள். தர மாட்டேன் என்றால் அந்த மேசையை நகர்த்தச் சொல், அதுவும் முடியாதென்றால் வேலையை விடு. உன் வீட்டுக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன், இல்லை, பாப்பாவைப் பேச வைக்கிறேன். அந்த ஆஸ்பத்திரி அம்மாவிடம் போ, இந்தத் தடவை சிநேகிதி கதையெல்லாம் வேண்டாம். உனக்குப் பதிலாக உள்ளே போய் உட்கார என்னால் முடியாதடி. முடிந்தால் போயிருப்பேன். ஆனால் என் காது இப்போது யாருக்கும் உதவாது.

அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா,

ஆஸ்பத்திரியில், காது பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் டோக்கன் பதினான்கு. இப்போது பதினொன்று உள்ளே இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்த அன்றே பட்டறையில் கேட்டேன். முதலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் காதுமூடி வந்துவிட்டது. மேசையும் ஜன்னல் பக்கம் போய்விட்டது. அது எல்லாம் நடந்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. நாலு நாளாக எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கிறேன். கடிகாரத்தைக் காதருகே வைக்கிறேன், அரிசியை ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டுக் கேட்கிறேன். கேட்கிறது. ஆனால் முன்னால் இதைவிட நன்றாகக் கேட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நேற்று பாப்பாவிடம் போனில் பேசினேன். "சித்தி, நீ ஏன் 'என்ன, என்ன'ன்னு கேக்கற?" என்றாள். பிறகு ரொம்பப் பொறுமையாக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தாள். உன்னிடம் பேசிப் பழகிய குழந்தை, அக்கா. அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிடுகிறது.

பன்னிரண்டு போயிற்று. நீ பக்கத்தில் இருந்தால் இந்நேரம் ஏதாவது சொல்லிக் கிண்டல் செய்வாய். உள்ளே நானும் சுவரைப் பார்த்தே உட்காருவேன், கவலைப்படாதே. எது வந்தாலும் வரட்டும், உள்ளதை உள்ளபடி உனக்கு...

பக்கத்தில் இருக்கிற ஆள் என் தோளைத் தட்டுகிறார். பதினான்கை மூன்று தடவை கூப்பிட்டார்களாம். எழுதுகிற நினைப்பில் இருந்துவிட்டேனா, இல்லை காதில்தான் விழவில்லையா, எனக்கே தெரியவில்லை. போகிறேன்.